ஒரே போர்டில் இரண்டு சிப்புக்கு இடம்

அமெரிக்காவில் ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில், நோயாளிகளுக்கு மருந்தை அளந்து ஏற்றும் பம்ப் தயாரிக்கும் சிறிய கம்பெனியில் உதிரிப்பாகங்கள் வாங்குவது என் வேலை. சிப் தட்டுப்பாடு வந்த வருடம், பேட்டரியைக் கட்டுப்படுத்தும் ஒரே ஒரு சிப் கிடைக்காமல் எங்கள் உற்பத்தி நின்றுவிட்டது. மிளகைவிடச் சிறியது அது. பம்புகளின் வெற்று உறைகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. வழக்கமாகச் சிப் தரும் கம்பெனி, இன்னும் ஒரு வருடம் ஆகும் என்று ஒரே வரியில் பதில் போட்டது. கார் கம்பெனிகளுக்கே கிடைக்காதபோது எங்களை யார் கவனிப்பார்கள்?

அவர்களுடைய போட்டிக் கம்பெனியிடமும் அதே வேலை செய்யும் சிப் உண்டு. அதன் விற்பனை அதிகாரியான அமெரிக்கப் பெண்மணி முன்பு மூன்று முறை நேரில் வந்தும் நான் ஆர்டர் கொடுத்ததில்லை. ஒரே இடத்தில் வாங்கினால் வேலை சுலபம் என்ற நினைப்பு. இப்போது அவரை அழைக்கக் கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு அழைத்தேன். அவர் எதையும் குத்திக்காட்டவில்லை. யாரோ ரத்து செய்த சரக்கு கிடங்கில் இருக்கிறது, ஆறு வாரம் உங்களுக்காகப் பிடித்துவைக்கிறேன் என்றார்.

ஆனால் அந்தச் சிப்பின் கால்கள் வேறு வரிசையில் இருந்தன. பம்புக்குள் இருக்கும் எங்கள் சர்க்யூட் போர்டில் உட்காராது. போர்டை வடிவமைத்த என்ஜினீயர் காயல்பட்டினத்துக்காரர். அன்று வெள்ளிக்கிழமை. அவர் ஜும்மா தொழுகை முடித்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"போர்டை ரீடிசைன் பண்ணணும். ஆறு வாரம்லாம் பத்தாதுங்க."

"லேட் ஆனா வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

போர்டின் வரைபடத்தைத் திரையில் திறந்தார். "பண்றதே பண்றோம், ரெண்டு சிப்புக்கும் அதே போர்டுல எடம் வெச்சுடறேன். எது கெடைக்குதோ அதைப் போட்டுக்கலாம்."

முதல் மாதிரி போர்டு சூடேறிக் கருகியது. அவர் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஐந்தாவது வாரம் என் மேசைக்கே வந்து, "வந்து பாருங்க, ஓடுது," என்றார். பம்பிலிருந்து கண்ணாடிக் குவளையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதை இருவரும் நின்று பார்த்தோம். அப்போதே ஆர்டர் போட்டேன். சோதனைகள் முடிந்து அரசு அனுமதி கிடைக்க மாதங்கள் ஆயின. ஆனாலும் பம்புகள் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

பிறகு நிலைமை தலைகீழாயிற்று. பயத்தில் எல்லோரும் தேவைக்கு மேல் வாங்கிக் குவித்திருந்ததால் புது ஆர்டர்கள் நின்று, சிப் கம்பெனிகளின் கிடங்குகள் நிரம்பின. பழைய கம்பெனிக்காரர் தானே அழைத்தார். எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்.

"தேவையில் பாதி," என்றேன்.

"மீதி?"

போட்டிக் கம்பெனியின் பெயரைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.

"அது நல்ல சிப்தான்," என்று சிரித்தார்.