சோமசேகரத்தின் இரண்டு மட்டைகள்

இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் முதலில் ஈழத்தின் சிறப்பைச் சொல்வார்கள். பிறகு யாழ்ப்பாணத்தின் சிறப்பு, பிறகு ஊரின் நீர்வளம் நிலவளம். கடைசியில்தான் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அப்படி எழுதி என் கணவரிடம் காட்டியிருந்தால், "ஆகாயம் கூடிப்போச்சு, மேலாலை வெட்டும்" என்றிருப்பார். ஆகவே மேலால் வெட்டிவிட்டே தொடங்குகிறேன்.

என் கணவர் சோமசேகரம் காங்கேசன்துறையில் பிறந்தவர். தகப்பனாரும் தகப்பனாரின் தகப்பனாரும் கடலோடிகள். இவருக்கோ தோணியைக் கண்டாலே தலை சுற்றும். அதனால் சீமெந்துத் தொழிற்சாலையில் களஞ்சிய வேலைக்குப் போனார். மாலையில் வரும்போது புருவம் நரைத்திருக்கும். முகம் கழுவியதும் இளமை திரும்பிவிடும். கலியாணமான புதிதில் எனக்கு அது நல்ல வேடிக்கை.

கமரா வந்தது எண்பத்து மூன்றில். கலவரத்துக்குத் தப்பிக் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கிய சனத்தோடு இவருடைய சித்தப்பா மகனும் இறங்கினார். கழுத்தில் கமரா இருந்தது, காலில் செருப்பு இல்லை. இவர் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். வெளிநாடு போகும்போது அவர் கமராவைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இவர் எடுத்த படங்கள் சுமார்தான். மனைவி என்பதற்காகப் பொய் எழுத முடியாது. ஆனால் மற்றவர்கள் எடுத்த படத்தைப் பார்த்துச் சொல்வதில் இவருக்கு ஒரு தனி நுட்பம் இருந்தது. மருதனார்மடச் சந்தியில் யாகோப்பு அண்ணையின் தையற்கடை. அவர் குருநகர்க்காரர்; துணி வெட்டுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் படம் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடையை உட்பக்கம் பூட்டிக்கொண்டு படப் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். ஆளுக்கொரு படம் கொண்டுவரவேண்டும். தைக்கிற மேசையில் வைத்து எல்லோரும் அபிப்பிராயம் சொல்லவேண்டும்.

முதல் மாதங்களில் அது சண்டையில் முடிந்தது. ஒருவர் கோபித்துக்கொண்டு பாதி தைத்த காற்சட்டையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகுதான் இவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். படத்தை வைத்ததும் பால் விடாத பிளேன்ரீ ஊற்றவேண்டும். குடித்து முடியும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, பார்க்கத்தான் வேண்டும். பிறகு நல்லது ஒன்றைச் சொல்லவேண்டும். குறை சொல்வதானால் அந்த வசனம் "அடுத்தமுறை" என்றுதான் தொடங்கவேண்டும். தவறினவர் கோப்பைகளைக் கழுவவேண்டும்.

பென்சன் எடுத்த தபாலதிபர் தம்பிஐயா ஒருநாள் தன் மனைவியைப் படமெடுத்துக் கொண்டுவந்தார். அந்த அம்மாவின் தலைக்கு நேர் பின்னால் ஒரு பனை. பார்த்தால் பனை அவவின் உச்சியிலிருந்து முளைத்த மாதிரி. தேநீர் முடியும்வரை எல்லோரும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

இவர் சொன்னாராம்: "அக்கா வடிவாய் நிக்கிறா. பனையும் வடிவாய் நிக்குது. அடுத்தமுறை ரெண்டு பேரையும் கொஞ்சம் விலத்தி நிப்பாட்டுங்கோ."

"அவவை நகத்தேலாது, தம்பி," என்றாராம் தபாலதிபர். "பனையைத்தான் கேட்டுப் பாக்கவேணும்."

இவருடைய ஆயுதம் இரண்டு மட்டைகள். புதுச் சட்டை வரும் சேட்டுப் பெட்டியின் அட்டையை வெட்டி, கறுப்பு மை பூசி, சுவர் மூலை மாதிரி மடங்கின வடிவில் செய்தவை. இரண்டையும் படத்தின்மேல் எதிரெதிராக வைத்து நெருக்கினால் வேண்டாத பக்கம் மறைந்துபோகும். "பாருங்கோ, இப்ப படம் நிக்குது" என்பார். உண்மையாகவே நிற்கும். அந்த இடத்திலேயே யாகோப்பு அண்ணையின் பெரிய கத்திரிக்கோலால் வேண்டாத ஓரத்தை வெட்டிவிடுவார்கள். அதிகம் வெட்டு வாங்கியவர் யாகோப்பு அண்ணைதான். ஒரு படத்தில் எதையும் விட மனம் வராத ஆள் அவர். மாட்டை எடுத்தால் மாட்டுக்காரனும், மாட்டுக்காரனின் சைக்கிளும், சைக்கிளுக்குப் பின்னால் கோயிலும் வரும்.

"சோமண்ணை, என்ரை படத்திலை ஒருநாள் நடுவிலை ஒரு புள்ளிதான் மிஞ்சப்போகுது."

"அந்தப் புள்ளி நல்லாயிருந்தால் காணும்."

எண்பத்தாறில் யாகோப்பு அண்ணை காங்கேசன்துறைக் கரையில் எடுத்த ஒரு படம் மேசைக்கு வந்தது. கரைவலை இழுக்கிறார்கள். எல்லோருடைய உடம்பும் பின்னுக்குச் சாய்ந்து, எல்லோருடைய கண்ணும் கடலில். வலது ஓரத்தில் ஒரு பொடியன் மட்டும் ஒரு கையில் கயிற்றையும் மற்றக் கையில் பாதி தின்ற பணிஸையும் பிடித்துக்கொண்டு, கமராவைப் பார்த்துப் பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறான். இவர் மட்டைகளை வைத்தார்.

"இழுவை வடிவாய் வந்திருக்கு. அடுத்தமுறை ஆக்கள் உம்மை மறக்குமட்டும் பொறுத்திரும். எல்லாரும் வலையைப் பாக்கினம், உவன் உம்மைப் பாக்கிறான். உவனாலை என்ரை கண்ணும் வலைக்குப் போகுதில்லை."

பொடியன் வெட்டுப்பட்டான். படம் உண்மையாகவே நன்றாக வந்தது. யாகோப்பு அண்ணை அதைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்துப் பாராட்டினார்கள்.

தொண்ணூறில் சண்டை மூண்டு, காங்கேசன்துறைச் சனம் முழுவதும் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டது. நாங்கள் உடுவிலில் என் தகப்பனார் வீட்டுக்கு வந்தோம். இவர் கமராவையும் மட்டைகளையும் கொண்டுவந்தார். அரிசிப் பானையை நான் கொண்டுவந்தேன். எங்கள் பின்வளவில் கொட்டில் போட்டு இருந்தவ இரத்தினம்மா அக்கா. காங்கேசன்துறையில் எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தவ. அதற்கு முந்தின வருடம் அவவின் ஒரே மகன் குகராசா தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை. கடலில் காற்று எழும்பின நாள்.

வருடம் முடிகிற ஆட்டைத் திவசம் கிட்டியபோது அக்கா வந்து வாசலில் நின்றா.

"தம்பி, படைக்கிறதுக்குப் பிள்ளையின்ரை படம் ஒண்டும் இல்லை. எல்லாம் வீட்டுக்குள்ளை விட்டிட்டு வந்திட்டன். ஆனால் உங்கடை படக்காரர் ஒருத்தர் கரையிலை தன்னைப் படம் பிடிச்சவர் எண்டு அவன் சொன்னவன். 'எணை அம்மா, நான் வலை இழுக்கேக்கை பிடிச்சவை' எண்டு எத்தினை நாள் சொன்னவன். அதை ஒருக்கால் கேட்டுப் பாருங்கோவன்."

இவர் "ஓம் அக்கா, விசாரிச்சுச் சொல்லுறன்" என்றார். அவ போனதும் கதிரையில் இருந்துவிட்டார்.

"என்னப்பா?" என்று கேட்டேன்.

"நான்தான் வெட்டச் சொன்னனான். ரெண்டு ஒழுங்கை தள்ளியிருந்த பொடியன். ஆரெண்டுகூட நான் பாக்கேல்லை. எங்கை பாக்கிறான் எண்டதைத்தான் பாத்தனான்."

மறுநாள் விடிந்ததும் சைக்கிளில் மருதனார்மடம் போனார். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போகாமல் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். தனியே விட மனம் வரவில்லை. யாகோப்பு அண்ணை கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்ன, ரீச்சரையும் ஏத்திக்கொண்டு? கடையையும் ஓரத்தாலை வெட்டப்போறியளோ?"

இவர் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார். நெகற்றிவ் இருக்கிறதா என்று கேட்டார். யாகோப்பு அண்ணையின் முகம் மாறியது. அவருடைய குருநகர் வீட்டுக் கூரை ஷெல்லில் போய், ஒரு மாரி முழுவதும் மழை உள்ளே பெய்தது எங்களுக்குத் தெரியும். நெகற்றிவ் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, இறுகின தொதல் பலகாரம் மாதிரி ஆகிவிட்டதாம். கண்ணாடிக்குள் இருந்த படத்தில் வலது ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் இருந்தது. இவர் அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

யாகோப்பு அண்ணை மேசைக்குக் கீழே குனிந்து ஒரு பெரிய பிஸ்கற் ரின்னை இழுத்தார்.

"உங்களுக்குக் காட்டக்கூடாது எண்டு வைச்சிருந்தனான். இல்லை, ஒருநாள் காட்டவேணும் எண்டுதான் வைச்சிருந்தனான். இது உங்கடை சுடலை, சோமண்ணை."

ரின் நிறையப் படங்களின் துண்டுகள். இத்தனை வருடமும் இவர் வெட்டச் சொன்ன ஓரங்களை யாகோப்பு அண்ணை கோபத்தில் ஒன்றும் விடாமல் சேர்த்திருக்கிறார். ஒருநாள் எல்லாவற்றையும் இவர் முன் கொட்டி நியாயம் கேட்கிற யோசனை. இப்போது கொட்டினார், நியாயம் கேட்கவில்லை. மூன்று பேரும் மேசையைச் சுற்றி இருந்து தேடினோம். மாட்டின் பின்பக்கம், சைக்கிள் சில்லு, கோபுரத்தின் பாதி, அங்கி போட்ட ஒரு மேற்றிராணியாரின் அரைவாசி.

"இவரையும் வெட்டினனீரோ?" என்று இவர் கேட்டார்.

"கத்திரிக்கோல் என்ரை, கை என்ரை, பாவம் உங்கடை."

குவியலின் அடியில், பழைய பொத்தான்களோடு பொத்தானாகக் கிடந்தான் குகராசா. இரண்டு விரல் அகலத் துண்டு. பணிஸும் கயிறும் சிரிப்பும் அப்படியே. மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டதால் அவன் பார்வை எங்களைத் தவிர வேறெங்கும் போகவில்லை. தேநீர் இல்லாமலே மூன்று பேரும் வெகுநேரம் பேசாமல் பார்த்தோம்.

பெருப்பித்துப் போட பிலிமும் இல்லை, கரண்டும் இல்லை. இவர் சேட்டுப் பையிலிருந்து தன் இரண்டு மட்டைகளையும் எடுத்தார். துண்டின்மேல் வைத்து நெருக்கினார். அளவு சரியாக வந்ததும் பசை கேட்டார்.

"அண்ணை, ஒட்டினால் பிறகு உங்களுக்கு மட்டை இல்லை," என்றார் யாகோப்பு அண்ணை.

"பசையைத் தாரும்."

மூலைகள் சேர்ந்து நல்லதொரு சட்டமானது. யாகோப்பு அண்ணை பின்பக்கத்துக்குக் கோட்டுத் துணி வைத்துத் தைத்தே கொடுத்துவிட்டார்.

இரத்தினம்மா அக்கா அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தா. அழுவா என்று நான் பயந்து தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன்.

"பணிஸ் திண்டுகொண்டு நிக்கிறான்! விடிய எழும்பிச் சோறு கட்டிக் குடுத்து விட்டனான், இவன் கடையிலை பணிஸ் வாங்கித் திண்டிருக்கிறான்! பாருங்கோ ரீச்சர், கள்ளன்ரை சிரிப்பை!" மகனைக் கொஞ்சநேரம் திட்டித் தீர்த்தா. பிறகு, "ஏன் தம்பி இப்பிடி ஒடுக்கமாய்க் கிடக்கு?" என்றா.

"பெரிய படத்திலை ஓரத்திலை நிண்டவன், அக்கா. நான்தான் வெட்டச் சொன்னனான். கமராவைப் பாத்துச் சிரிச்சிட்டான் எண்டு."

அக்கா இவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"படம் பிடிக்கேக்கை பாக்காமல்? பிறகு நான் ஆரின்ரை முகத்தைப் பாக்கிறது?"

தண்ணீர் தேவைப்பட்டது, குடித்தவர் இவர்தான்.

அடுத்த ஞாயிறு இவர் அதை மேசையில் அப்படியே சொன்னாராம், தனக்குக் கிடைத்த அபிப்பிராயம் என்று. அதற்குப் பிறகும் குறை சொல்வதை விடவில்லை. பனையை விலத்தச் சொல்வார், வெளிச்சம் பிந்திவிட்டது என்பார். ஆனால் வாய் திறந்ததும் முதற் கேள்வி "இதிலை நிக்கிறது ஆர்?" என்பதாக மாறிவிட்டது. புது மட்டை செய்யவில்லை. பிலிம் இல்லாத காலத்தில் பழைய படங்களையே திரும்பத் திரும்ப மேசையில் வைத்து, போனமுறை சொல்லாத நல்லதைத் தேடிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வருடம் மாசியில் ஒரு காலை, சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். அவ்வளவுதான்.

இந்த மலரின் அட்டைப்படம் போன வருடம் யாகோப்பு அண்ணை எங்கிருந்தோ தேடிப் பிடித்த ஒரு பிலிம் றோலில் எடுத்தது. நாலைந்து பேர் தைக்கிற மேசையைக் குனிந்து பார்க்கிறார்கள். இவர் ஓரத்தில், தம்பிஐயா தபாலதிபரின் தோளுக்குப் பின்னால், நாடி பாதி மறைந்து நிற்கிறார். இவர் மட்டும் கமராவைப் பார்க்கிறார். அச்சகத்தில், மற்றவர்களை எடுத்துவிட்டு ஐயாவின் முகத்தை மட்டும் பெரிதாய்ப் போடலாம் என்றார்கள். அப்படியே விடச் சொன்னேன்.

நேற்று முதற் பிரதி வந்தது. யாகோப்பு அண்ணையிடம் கொடுத்து, பிளேன்ரீ ஊற்றி வைத்தேன். அவர் குடித்து முடியும்வரை பேசாமல் பார்த்தார்.

"நல்லாய் இருக்கு, ரீச்சர். ஆள் உயிரோடை நிக்கிறார். முகத்திலை வெளிச்சம்தான் கொஞ்சம் காணாது. அடுத்தமுறை..."

தவறினது தெரிந்து கோப்பையைப் பார்த்தார். பிறகு எழும்பிப்போய்க் கிணற்றடியில் அதைக் கழுவி வைத்தார்.