அக்கா சமைத்த அரிசிம்பருப்பு

1968ஆம் ஆண்டு மே மாதம் ஆறாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு, என் பெரியப்பா தம் வீட்டுச் சமையலறையில் அடியோசை கேட்காமல் பூனைபோல நடமாடுவதை அவருடைய மகள் கண்டுபிடித்தாள். கோயம்புத்தூர் மகளிர் கல்லூரி ஒன்றில் தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டு, விடுமுறைக்குத் திருப்பூரில் அடுத்த தெருவிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நான், அப்போது அந்த அறையின் வாசலில் நின்றிருந்தேன்.

அந்த மகள் எனக்கு அக்கா முறை. என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஒன்பதாம் வயதில் அம்மை கண்டு இரு கண்களிலும் பார்வையை இழந்தவள். பெரியம்மா அந்த 1968 தை மாதத்தில் காலமாகிவிட்டார். அதன்பிறகு வீட்டில் அவர்கள் இருவர்தாம். வீட்டை ஒட்டியே பெரியப்பாவின் சிறிய பனியன் கம்பெனி; தையல் இயந்திரங்களின் ஓசை பகல் முழுவதும் சுவர் வழியாக வந்துகொண்டிருக்கும்.

அக்கா தண்ணீர் குடிக்க டம்ளரைத் தேடி அலமாரித் தட்டில் கையை நீட்டினாள். டம்ளர் இருந்தது மேல்தட்டில். கை போனது கீழ்த்தட்டுக்கு. வெறுங்காலோடு பின்னால் நின்ற பெரியப்பா டம்ளரை ஓசைப்படாமல் எடுத்து, அவள் விரல் படும் இடத்தில் வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார். அக்கா டம்ளரைப் பிடித்தாள். ஆனால் தண்ணீர் மொள்ளவில்லை. மூக்கைச் சற்றே உயர்த்தினாள்.

"அப்பா, வெத்தலை வாசம் என்னோட கை கூடவே வருதுங்களே. எத்தனை நாளா இது?"

"எதுங்க கண்ணு?" என்றார் பெரியப்பா. பெற்ற மகளிடமும் 'ங்க' போட்டுப் பேசும் மனிதர்.

"நான் கைய நீட்டுற பக்கமெல்லாம் சாமான் ஓடியாறது."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. முன்பு பெரியம்மாவும், அவருக்குப் பின் பெரியப்பாவும், ஏன், வீட்டுக்குள் வந்துபோகும் கம்பெனி ஆள்களும்கூட, அவள் கைக்கு முன்னால் பாத்திரங்களை நகர்த்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 'தப்பு' என்று அவளிடம் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. எங்கள் ஊர் மரியாதை அப்படிப்பட்டது. அதனால் அந்தச் சமையலறை தனக்கு மனப்பாடம் என்று நம்பியிருந்த அக்காவுக்கு, உண்மையில் அதில் ஒரு கரண்டியின் இடம்கூடத் தெரியாது.

அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளோ சிரிக்கத் தொடங்கினாள். டம்ளரை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அப்ப நான் போன மாசம் ஊத்துன தோசை?" என்றாள்.

"மாவு மட்டும் நீதானுங்க ஊத்துனே கண்ணு," என்றார் பெரியப்பா. "தோசைக்கல்லை நான் கொஞ்சம் நகர்த்திக் குடுத்தேனுங்க."

சிரிப்பு அடங்கியதும் அக்கா முக்கியமான விஷயத்துக்கு வந்தாள். பெரியப்பாவின் தமக்கை, எங்கள் அத்தை, மடத்துக்குளத்தில் தோட்டமும் துரவுமாக வாழ்பவர். தாயில்லாத பெண்ணைத் தம்மோடு அழைத்துப்போய் வைத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அடுத்த வாரத்து ஞாயிறன்று வருவதாகவும் ஏற்பாடு. அங்கே அவளுக்கு ஒரு குறையும் இருக்காது; ஒரு வேலையும் இருக்காது. அக்காவுக்கோ கம்பெனியில் மடிப்பு வேலை செய்யும் பெண்களோடு உட்கார்ந்து பனியன் மடிப்பதும், ஊர்வம்பு பேசுவதும், மதியம் தேங்காய்பன்னுக்குச் சண்டை போடுவதும்தான் உயிர்.

"அங்க போயி நெல்லு மூட்டையாட்டம் குந்தியிருக்க என்னால ஆகாதுங்க," என்றாள். "அத்தை வாற அன்னிக்கு நானே சமைச்சு, நானே பரிமாறுறேன். ஒருத்தர் கையும் படக்கூடாது. அத்தை சாப்புட்டு எந்திரிச்சா நான் இங்கியே இருந்துக்கறேன். நடுவுல யாராச்சும் ஒரு கரண்டிய நகர்த்தினீங்கன்னா, நானே பெட்டியத் தூக்கிட்டு பஸ் ஏறிருவேன்."

பெரியப்பா ஒப்புக்கொண்டார். கற்றுத்தரும் பொறுப்பு என் மேல் விழுந்தது. "நீதான் அதிகம் பேசமாட்டே, பேசுனாலும் அளந்து பேசுவே," என்று அக்கா காரணம் சொன்னாள். எனக்கு அது பாராட்டா என்று இன்றுவரை உறுதியில்லை.

முதல் நாளே அந்த வீட்டில் சில சொற்களுக்குத் தடை விதித்தேன். 'இங்கே', 'அங்கே', 'இதோ' என்று எவரும் சொல்லக்கூடாது. பார்க்க முடியாதவருக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. 'உன் வலது முழங்கைக்கு ஒரு சாண் கீழே' என்று சொல்ல வேண்டும். பெரியப்பா இதை மிகுந்த சிரத்தையோடு பயின்று, கம்பெனியிலும் அப்படியே பேசத் தொடங்கினார். கத்தரிக்கோல் கேட்ட, துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரிடம், "உங்க இடது முட்டிக்கு ஒன்றரைச் சாண் வடக்கால இருக்குதுங்க," என்று அவர் சொன்னது அன்று மாலைக்குள் தெருமுழுவதும் பரவிவிட்டது.

திரி ஸ்டவ்வைப் பற்றவைக்க அக்கா முதலில் குளிர்ந்த ஸ்டவ்வில், வெறும் குச்சியை வைத்துப் பழகினாள். தீயின் இடத்தைக் கன்னத்தில் படும் சூட்டால் அறிந்தாள். தண்ணீர் நிரம்புவதைப் பாத்திரத்தின் ஓசை மெல்லியதாக மாறுவதிலிருந்து கண்டுகொண்டாள். பாலுக்குள் சிறிய கிண்ணி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டால், கொதி வரும்போது அது தடதடவென்று ஆடித் தகவல் சொல்லும். முதல் முறை கிண்ணி ஆடியபோது நாங்கள் இருவரும் கைகோத்துக் குதித்ததில் பால் முழுவதும் பொங்கி வழிந்துபோயிற்று. கூடத்தில் துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியப்பா, "ஒண்ணுமில்லீங்களே?" என்றார். "பாலுதானுங்க ஒண்ணுமில்லை," என்றாள் அக்கா.

சமையலுக்கு அரிசிம்பருப்பைத் தேர்ந்தெடுத்தவள் அவளே. விருந்தாளிக்கு இலை நிறையப் போட வேண்டாமா என்று பெரியப்பா தயங்கினார். அரிசியும் பருப்பும் ஒரே சட்டியில் வேகும். கொதிக்கும் சோற்றைச் சாய்த்துக் கஞ்சி வடிக்க வேண்டியதில்லை. அத்தைக்கும் அது பிடிக்கும். இந்த மூன்று காரணங்களுக்கும் எதிராக அவரால் வாதாட முடியவில்லை.

எஞ்சியது சம்புடங்களின் சிக்கல். உப்பும் பொடிகளும் போட்டுவைக்க அனுப்பர்பாளையத்தில் பெரியப்பா வாங்கிவந்த, மூடிபோட்ட பித்தளைச் சம்புடங்கள் அவை. அழகுக்காக எல்லாவற்றையும் ஒரே அளவில் வாங்கியிருந்தார். ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தால், 'தடவுகிறாள்' என்று அத்தை சொல்லிவிடுவார். நானும் அக்காவும் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் மூட்டையைக் கிளறித் துண்டுகள் பொறுக்கினோம். மூடியின் குமிழில் உப்புக்கு ஓட்டை ஓட்டையான வலை பனியன் துணி, மிளகாய்த்தூளுக்கு வரிவரியான ரிப், மஞ்சளுக்கு வழவழப்பான இன்டர்லாக், சர்க்கரைக்குத் தையல் போட்ட ஓரம் என்று கட்டினோம். பனியன் துணியைத் தொட்டே வளர்ந்த விரல்களுக்கு இதில் ஐயமே எழவில்லை. சனிக்கிழமை மாலை அவள் சமையலறையில் பாட்டுப் பாடிக்கொண்டே, தொட்டதெல்லாம் சரியாக எடுத்தாள்.

ஞாயிறு காலை அத்தை வந்தார். ஒரு பை கத்தரிக்காயும், ஒரு தூக்கு நெய்யும், பேருந்தில் தமக்கு இடம் தராத ஓர் ஆளைப் பற்றிய நீண்ட புகாருமாக வந்தார். அக்காவின் கன்னத்தைத் தடவி, "இளைச்சுப் போனியே அம்மிணி. துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுட்டியா?" என்றார்.

"மொதல்ல சாப்புடுங்க அத்தை. அப்புறம் துணிமணியப் பத்திப் பேசலாம்," என்று சொல்லி அக்கா உள்ளே போனாள்.

அக்காவின் நிபந்தனைப்படி நாங்கள் மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். என் இடத்திலிருந்து சமையலறை அலமாரி தெரியும். பார்த்தேன். சம்புடங்களின் குமிழ்களில் பளீரென்ற வெள்ளைத் துணிகள் ஒரே அளவில், ஒரே மாதிரி முடிச்சில் வரிசையாக ஆடின. நாங்கள் கட்டிய கந்தல்களில் ஒன்றைக்கூடக் காணவில்லை.

இருமி அவளை எச்சரிக்கலாமா என்று நினைத்தேன். 'நீ இருமினாலும் எனக்குத் தெரியும்' என்று அக்கா முன்பே எச்சரித்திருந்தாள். பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் பூரிப்பு வழிந்தது. என் காதருகே குனிந்து, "கவனிச்சியா கண்ணு? உங்கத்தை வாற நேரத்துல கம்பெனிக்காரன் ஊட்டுல ஓட்டைத்துணி தொங்குனா நல்லாவா இருக்குது? எல்லாத்துக்கும் பர்ஸ்ட் குவாலிட்டி இன்டர்லாக்கா மாத்திட்டேன். சாமான் எதையும் நான் நகர்த்தலை," என்றார்.

உள்ளே அக்காவின் கை முதல் குமிழில் நின்றது. இரண்டாவதற்குப் போனது, மூன்றாவதற்குப் போனது, மறுபடி முதலாவதற்கு வந்தது.

"பாரு, தடவறா," என்றார் அத்தை மெதுவாக. "பாவம், எதுக்கு இந்தப் புள்ளையக் கஷ்டப்படுத்தறே தம்பி?" என்று எழுந்து சமையலறை வாசலுக்கே போய்விட்டார்.

அக்கா ஒரு சம்புடத்தைத் திறந்து முகத்தருகே கொண்டுபோனாள். அது மிளகாய்த்தூள். அவள் போட்ட தும்மலில் தூள் புகைபோலக் கிளம்பி, வாசலில் நின்ற அத்தையைப் பிடித்தது. அவர் தும்மத் தொடங்கினார். தமக்கைக்குத் தண்ணீர் கொடுக்க ஓடிய பெரியப்பாவையும் அது விடவில்லை. மூவரும் மாறிமாறித் தும்மினார்கள். கம்பெனிப் பக்கத்திலிருந்து காவல்காரர், "ஏனுங்க, ஊட்டுல எல்லாருக்கும் சொகந்தானுங்களா?" என்று விசாரித்தார்.

முதலில் மீண்டவள் அக்காதான். "துணிய மாத்துனது யாருங்க?" என்றாள்.

"நானுங்க கண்ணு," என்றார் பெரியப்பா, கண்ணில் நீர் வழிய. "ஒசந்த துணி."

"ஒசந்த துணிதான். எல்லாமே ஒசந்த துணி." அக்கா குமிழிலிருந்த துணியை விரல்களால் தேய்த்துப் பார்த்தாள். அடுத்து வரப்போவது அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியாத ஒரு கணம் இருந்தது. பிறகு அவள், "போயி குந்துங்க. நான் கூப்புடற வரைக்கும் ஒருத்தரும் வரக்கூடாது. அத்தை, நீங்களுந்தான்," என்றாள். எங்கள் குடும்பத்தில் அத்தையிடம் அப்படிப் பேசியவர் அதற்கு முன் எவரும் இல்லை. அத்தை வந்து உட்கார்ந்தார்.

அக்கா ஒவ்வொரு சம்புடமாகத் திறந்தாள். இந்த முறை முகரவில்லை; விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு என்று தெரிந்ததும் அந்தத் துணியில் ஒரு முடிச்சுப் போட்டாள். மஞ்சளுக்கு இரண்டு. மிளகாய்த்தூளின் துணியைப் பல்லால் கடித்துக் கிழித்து நாராக்கினாள். அதில் கொஞ்சம் பழிவாங்கலும் இருந்ததாக எனக்குத் தோன்றியது. சர்க்கரைச் சம்புடத்தின் துணியை அவிழ்த்துக் கூந்தலில் கட்டிக்கொண்டாள். பிறகு ஸ்டவ் எரிந்தது. சின்ன வெங்காயமும் பூண்டும் எண்ணெயில் வதங்கும் வாசம் கூடத்துக்கு வந்தது. பெரியப்பா தம் இரு கைகளின் மேலும் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லவில்லை, அவராகவே செய்துகொண்ட ஏற்பாடு.

அக்கா கூப்பிட்டு, அவளே இலையில் பரிமாற, அத்தை முதல் கவளத்தை வாயில் வைத்தார். நெய்த்தூக்கைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். மறுசோறு வாங்கினார். அதற்கு மேலும் வாங்கினார். இலையை மடித்துக் கை கழுவி வந்தபின்தான் வாய் திறந்தார்.

"உப்பு ஒரு கல்லு கம்மி," என்றார்.

"அடுத்த தடவ வாங்க அத்தை, சேத்திப் போடறேன்," என்றாள் அக்கா.

அத்தை தம்பியின் பக்கம் திரும்பினார். "இவ இங்கியே இருக்கட்டும். ஒரு ஆளக் கூட்டிட்டுப் போகோணும்னு வந்தவ வெறுங்கையோட போக மாட்டேன். நீ கெளம்பு."

"நானுங்களா?"

"நீதான். இந்தப் புள்ளை தனியா இருந்துக்குவா. நீதான் இருக்கமாட்டே. நாலு நாள் தோட்டத்துல வந்து கெட."

பெரியப்பா மறுத்தார், கெஞ்சினார், கம்பெனியைக் காரணம் காட்டினார். மாலைப் பேருந்தில் அத்தைக்குப் பக்கத்து இருக்கையில், மடியில் காலித் தூக்கோடு, அவரை நாங்கள் வழியனுப்பினோம். வீடு திரும்பியதும் நான் தாழ்வாரத்தில் பாயை விரிக்கப் போனேன். அக்கா பாயை என் கையிலிருந்து வாங்கிச் சுருட்டினாள். "நீயும் உங்க ஊட்டுக்குப் போ கண்ணு," என்றாள். அவள் உள்ளே தாழ்ப்பாள் போடும் ஓசையைக் கேட்டுவிட்டுத்தான் நான் தெருவில் இறங்கினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் அங்கே போனேன். கொல்லைப்புறமாக நேரே நுழைவது என் வழக்கம். அன்று முன்வாசலில் நின்று கதவைத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். மூன்றாம் முறை தட்டியபோது உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல் வந்தது.

"யாருங்க?"

"நான்தான்."

"தூங்கறேன் கண்ணு. எழுப்பறதுக்கு இன்னிக்கு யாருமே இல்லை, தெரியுமா? பத்து மணிக்கு மேல வா."

நான் திரும்பி நடந்தேன். தெருமுனை வரைக்கும் அடக்கிக்கொண்டு போய், அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். மிதிவண்டியில் பனியன் மூட்டையோடு எதிரே வந்தவர் காலை ஊன்றி நின்று, "ஏனுங்க அம்மிணி, ஏதாச்சும் ஆச்சுங்களா?" என்று கவலையோடு கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு, பத்து மணிக்குத் திரும்பி வருவதற்காக வீட்டுக்குப் போனேன்.