டாக்டர் நம்பிய கை

காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தேன். வீட்டுக்காரர் இறந்த பிறகு எனக்கும் பிள்ளைகளுக்கும் அந்தச் சம்பளம்தான் சோறு.

அங்கே வரும் பெரிய வீட்டு ஆச்சி ஒருவருக்கு ரத்த அழுத்தம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவாக வந்தது. கையில் பட்டை கட்டியிருக்கும்போதே மருமகளைத் திட்டிக்கொண்டிருப்பார். பேசாமல் இருங்கள் என்று சொல்ல டாக்டருக்குத் தைரியமில்லை.

“போன வாரம் ஒண்ணு சொன்னீக, இப்ப ஒண்ணு சொல்றீக. மெசினு பழசா டாக்டரு?” என்றார் ஆச்சி.

டாக்டர் வாசலில் நின்ற என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். என் கையில் மூன்று தடவை பார்த்தார். மூன்றும் ஒன்றுபோல் வந்தன.

“பாத்தீகளா ஆச்சி? மெசின்ல குத்தமில்ல. இவ கை எடைக்கல்லு மாதிரி.”

அதிலிருந்து யார் சந்தேகப்பட்டாலும் என் கைதான் சாட்சி. எல்லார் முன்னாலும் ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்காருவேன். கூச்சத்தில் தலை நிமிராது. ஆனாலும் அளவு மாறாது. கண்டரமாணிக்கத்துக்காரர் ஒருவர், “புருசன் இல்ல, கவலையில்ல. பிரஷர் எப்பிடி ஏறும்?” என்றார். கம்பவுண்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

எழுபதுகளில் ஒரு நாள், என் கையில் பட்டை கட்டிப் பார்த்தபோது, வழக்கமான அளவுக்கு வெகு மேலேயே டாக்டருக்கு நாடிச் சத்தம் கேட்டுவிட்டது. “மெசின் போச்சு” என்று மதுரைக்கு அனுப்பினார். பழுது எதுவும் இல்லை என்று அது திரும்பி வந்தது. என்னைக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரவைத்து, கையை மேசைமேல் தாங்கவைத்து மறுபடி பார்த்தார். மூன்று தடவையும் உயரத்தில், ஒன்றுபோல். பிறகு கம்பவுண்டரின் கையில் கட்டிப் பார்த்தார். அவருக்குச் சரியாக இருந்தது.

“மெசினு சரிதான்யா. இவதான் கெட்டுப்போயிட்டா” என்றார் டாக்டர். பிறகு என்னிடம், “இங்கன மயங்கி விழுந்து வைக்காத. நாளையிலருந்து வரவேணாம்.”

“அய்யா, எனக்கு மாத்திரை ஏதும்…”

“சீட்டு வாங்கிட்டு வரிசையில உக்காரு.”

வாங்கி உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் வந்த ஆச்சியை முன்னால் அனுப்பினார்கள். என் முறை வருமுன்பே டாக்டர் சாப்பிடக் கிளம்பிவிட்டார். கம்பவுண்டர் கதவைப் பூட்டினார்.

“சாயந்திரம் வாக்கா. ஆனா புதுச் சீட்டு வாங்கணும்.”

சாயந்திரம் நான் போகவில்லை. வேறொரு வீட்டில் வேலை கேட்டு நின்றிருந்தேன். உடம்புக்கு ஏதும் உண்டா என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.