பாதி வரியில் ஒரு மூச்சு

காலையில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே பாடிய அப்பாவுக்குப் பாட்டின் நடுவில் மூச்சு வாங்கியது. அதே வரி, அதே இடம். எனக்குத் தொண்ணூறுகளில் கேட்ட அந்தக் கச்சேரி ஞாபகம் வந்துவிட்டது.

தானே எழுதி, தானே மெட்டுப்போட்டுப் பாடும் அந்தப் பெரிய பாடகர், வயதான காலத்தில் கோயமுத்தூருக்கு வந்திருந்தார். கருமத்தம்பட்டியிலிருந்து நாங்கள் மூவரும் பஸ் ஏறிப் போனோம். அம்மாவுக்கு உயிரான பாட்டில் அவருக்கு மூச்சு முட்டியது. மைக்கை விட்டு விலகி நின்றார். மீதி வரியை அம்மா சத்தமாகப் பாடினாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பும் பஸ்ஸில், "பாட முடியாட்டி ஊட்டுல இருக்கோணும். கேசட்டுல இருக்கறாப்பல ஒரு வரி வந்துச்சா?" என்றார் அப்பா.

"மூச்சு வாங்காம பாடறதுக்கு அவரென்ன கேசட்டுங்களா?" என்றாள் அம்மா.

அதன்பிறகு அம்மா அந்தப் பாட்டை முணுமுணுத்தால் போதும். வீட்டை ஒட்டிய எங்கள் தறிக்குடோனின் இரைச்சலையும் மீறி, சரியாக அந்த இடத்தில் அப்பா "ஹா" என்று மூச்சு வாங்கிக் காட்டுவார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அம்மா பாடுவதையே விட்டுவிட்டாள். அதை நாங்கள் இருவரும் கவனிக்கவே பல மாதங்கள் ஆயின.

இன்று அப்பா கையில் தண்ணீர் டியூப்போடு மூச்சிரைக்க நின்றார். வீட்டுக்குள்ளிருந்து அம்மா குரலில் அந்த "ஹா" வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தால் நியாயம்தான்.

அடுப்படியிலிருந்து மீதி வரி வந்தது.