மாமன் வீட்டுக் கரும்பு

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். என் கல்யாணத்துக்கு ஒரே ஒரு பொய்தான் சொன்னார்கள். அதைச் சொன்னவர் என் தாய்மாமா, அம்மாவோடு கூடப் பிறந்த ஒரே அண்ணன்.

நான் மெல்போர்னில் நர்ஸ். அப்பாவுக்குப் பாளையம்பட்டியில் சின்னப் பலசரக்குக் கடை. அம்மா பிறந்தது எம்.ரெட்டியபட்டி. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு அம்மாவுக்குப் பிறந்த வீடு என்றால் மாமாதான். பொங்கலுக்கு முதல்நாள் ஷேர் ஆட்டோவின் தலையில் கரும்புக்கட்டைக் கட்டிக்கொண்டு வந்து இறங்குவார். மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், பனங்கிழங்கு, அம்மாவுக்கு ஒரு சேலை. அவர் எடுக்கிற சேலை எந்த வருஷமும் பார்க்க நன்றாக இருந்ததில்லை. ஆனாலும் அம்மா அதைக் கட்டிக்கொண்டுதான் பொங்கல் வைப்பாள். எந்த வீட்டு வாசலில் அண்ணன் தம்பி கொண்டுவந்த கரும்பு சாத்தியிருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்று பார்க்காமல் எங்கள் தெருவில் யாருக்கும் காபி இறங்காது. காசு கொடுத்தால் கரும்பு கிடைக்கும். ஆனால் கடைக் கரும்பு வேறு, பிறந்த வீட்டுக் கரும்பு வேறு.

மாமா தன் மகனுக்கு என்னைக் கேட்டதும் அப்படி ஒரு பொங்கலுக்குத்தான். நான் லீவில் வந்திருந்தேன்.

"வெளியில எதுக்குத் தாயி மாப்பிள்ள தேடுற? என் மடியில உக்கார வச்சுக் காது குத்துன பிள்ள. எங்க வீட்டுக்கே வரட்டும்" என்றார் அம்மாவிடம்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான், அதை ஒளிப்பானேன். மாமா மகன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். சின்ன வயதில் என் சைக்கிளுக்குக் காற்றைப் பிடுங்கிவிட்டு, பிறகு அவனே பஞ்சர் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தவன். கல்யாணப் பேச்சு வந்த பிறகு என்னிடம் அளந்து அளந்து பேசினான். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். மூச்சு வாங்குகிற விதத்தை வைத்தே நோயாளி தேறுவாரா மாட்டாரா என்று சொல்கிற எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

அருப்புக்கோட்டையில் மண்டபம் பிடித்துக் கல்யாணம் நடந்தது. அதன் பிறகு விசா வேலை. புருஷனை நான் ஸ்பான்சர் செய்ய வேண்டும் என்றால் உறவு நிஜமானதுதான் என்று காட்ட வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருத்தி, கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை, காட்ட எதுவுமில்லாமல் தவித்தாள். எங்களுக்கு என்ன குறை? முறைப்பையன், முறைப்பெண். மாமாவே பழைய ஆல்பத்தையெல்லாம் குடைந்து எடுத்துப் போனில் அனுப்பினார். குலசாமி கோவிலில் இரண்டு பேரும் மொட்டைத் தலையோடு. தீபாவளிக்கு மத்தாப்போடு. எல்லாவற்றுக்கும் மேலே என் காதுகுத்து. மாமா மடியில் உட்கார்ந்து நான் வாயைப் பிளந்து அழுகிறேன். அவன் எட்டி என் வாயில் சீனியைப் போடுகிறான்.

இதைப் பார்த்து எந்த ஆபீசருக்குச் சந்தேகம் வரும்? எங்களுக்கும் வரவில்லை. போட்டோக்களில் ஒன்றுகூடப் பொய் கிடையாது.

தற்காலிக விசாவில் வந்து சேர்ந்தான். கொஞ்ச காலம் போன பிறகு, இன்னும் புருஷன் பெண்டாட்டியாகத்தான் வாழ்கிறோம் என்று நானும் எழுதிக் கொடுத்தால்தான் அது நிரந்தரமாகும். வந்தவன் அடுத்த அறையில் படுக்கையைப் போட்டான். முதலில் களைப்பு என்றான். பிறகு என் டூட்டி நேரம் ஒத்துவரவில்லை என்றான். அவனுக்குப் பிடிக்குமே என்று, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பயந்து பயந்து கருவாட்டுக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், தேங்க்ஸ் என்றான். "பெண்டாட்டிக்கு யாராச்சும் தேங்க்ஸ் சொல்லுவாகளா?" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

சில மாதம் கழித்து, சிட்னியில் வேலை கிடைத்திருக்கிறது என்று பெட்டியைக் கட்டினான்.

"நானும் வாரேன். அங்கன ஒரு ஆஸ்பத்திரியில கேட்டுப் பாக்குறேன்" என்றேன்.

"வேணாம். எனக்கு உன் மேல அந்த நெனப்பு வரலை. வராதுன்னு அப்பாகிட்ட அப்பவே சொன்னேன். 'கொஞ்ச நாள் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு, விசா கையில வந்துட்டா அப்புறம் உன் இஷ்டம்'னு அவருதான் சொன்னாரு."

அவன் போனதற்கு அழுதேன். மாமா சொன்னதற்கு அழுகை வரவில்லை, வயிறு எரிந்தது. பிடிக்காதவளை ஒருத்தன் விட்டுவிட்டுப் போவது ஊர் உலகத்தில் நடக்கிறதுதான். என்னை மடியில் வைத்து அழுகையை அமர்த்திய மனுஷன், இவள் ஏமாறுவாள் என்று தெரிந்தே மண்டபத்து வாசலில் நின்று எல்லோருக்கும் சந்தனம் கொடுத்திருக்கிறார்.

அம்மா போனில் கேட்கும்போதெல்லாம் மச்சான் டூட்டிக்குப் போயிருக்காக என்று சமாளித்தேன். அந்தப் பொங்கலுக்குத் தனியாக வந்து இறங்கிய பிறகு சமாளிக்க முடியவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"மொதல்லருந்தே தெரியும்மா."

மறுநாள் மாமா சீரோடு வந்தார். வழக்கத்தைவிடப் பெரிய கரும்புக்கட்டு. சேலை இந்தத் தடவை பட்டு. மகன் சொல்லியிருப்பான் போல, தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்ததும் என்னிடம் ஆரம்பித்தார்.

"நடந்தது நடந்து போச்சு தாயி. அவன் ஒரு கோட்டிக்காரப் பய. ஒண்ணாத்தான் இருக்கோம்னு ஒரு வார்த்தை மட்டும் எழுதிக் குடுத்துரு. உனக்கு நானே வேற நல்ல எடமாப் பாத்து முடிச்சுத் தாரேன்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "ஏன் மாமா, உங்க மகன் பஸ்ஸு மாறுறதுக்கு நாந்தான் ஸ்டாப்பா?"

மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். "நீயாச்சும் சொல்லும்மா. பிள்ள மாத்தி எழுதிட்டா அவனத் திருப்பி அனுப்பிருவாங்க. நான் ஊர்ல தல காட்ட முடியாது. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த வாசல மிதிப்பேன்?"

அதுதான் விலை. நான் உண்மையை எழுதினால் அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லை. எழுதாவிட்டால், இல்லாத புருஷனோடு குடித்தனம் நடத்துவதாக அரசாங்கத்திடம் நான் பொய் சொல்ல வேண்டும். என்னை ஏமாற்றியவர்களுக்கு என் கையாலேயே முடித்துக் கொடுக்க வேண்டும். கடையிலிருந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். மச்சினன் விஷயத்தில் அவர் என்றைக்குமே வாயைத் திறந்ததில்லை.

அம்மா எழுந்தாள். கரும்பை வாங்கி வாசலில் சாத்தினாள். அரிசியையும் வெல்லத்தையும் உள்ளே கொண்டுபோனாள். உள்ளே போனவள் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்து அண்ணனுக்கு இலை போட்டாள். அம்மா அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அவள்மேல் கோபம்கூட வந்தது. மாமா தெம்பாகச் சாப்பிட்டார், ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். கை கழுவித் துண்டில் துடைக்கும்போது அம்மா சொன்னாள்.

"அண்ணே, எம்மக உள்ளதத்தான் எழுதுவா. நாந்தான் எழுதச் சொல்றேன்."

மாமா துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப எதுக்கு ஆத்தா சீர வாங்குன?"

"இனிமே நீங்க வர மாட்டீகள்ல. அதான்."

மாமா ஆட்டோவுக்குக்கூட நிற்கவில்லை, நடந்தே மெயின் ரோட்டுக்குப் போனார். அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அம்மா வாசலில் நின்றாள். பிறகு என்னிடம் எரிந்து விழுந்தாள். "என்ன பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கிற? போ, வெறக எடுத்து வை." மறுநாள் பொங்கல் பானை முன்னால் அழுதாள். புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

நான் உள்ளதை எழுதிக் கொடுத்தேன். அவன் என்ன ஆனான் என்று கேட்டுக்கொள்ளவில்லை. மாமா வீட்டில் அம்மாவின் போனை யாரும் எடுப்பதில்லை.

போன பொங்கலுக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோவில் கூப்பிட்டேன். அம்மா அந்தப் பட்டுச்சேலையில் இருந்தாள். பின்னால் வாசலில் பெரிய கரும்புக்கட்டு சாத்தியிருந்தது.

"மாமா வந்தாகளாம்மா?"

"இல்ல. உங்கப்பா அருப்புக்கோட்டையில வாங்கிட்டு வந்தாக."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அம்மா அதற்குக் கரும்பைச் சாத்தி வைத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிவதற்குள் எதிர்வீட்டுச் சித்தி வந்துவிட்டாள்.

"என்னக்கா, அண்ணன் சீரு வந்துருச்சு போல?"

"ஆமா, வெள்ளன வந்து குடுத்துட்டுப் போயிட்டாக. ஏதோ அவசர சோலியாம்."

சித்தி போனில் என்னைப் பார்த்துவிட்டாள். திரைக்குள் முகத்தை நீட்டி, "மாமா கொண்டாந்த கரும்பப் பாத்தியா பாப்பா?" என்றாள்.

அவளுக்குப் பின்னால் அம்மா நின்றாள். உள்ளதை எழுதச் சொன்ன என் அம்மா, அன்றைக்கு மாமா தன்னைப் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தாள்.

"பாத்தேன் சித்தி" என்றேன். "வருசா வருசம் மாமா நல்ல கரும்பாத்தான் பாத்து எடுப்பாக."