திருப்பிச் சொன்ன பிறகு

நூலக மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் நடக்கும் பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டதாக அவர் சொன்னபோது, அவர் மனைவியே நம்பவில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆளோடு அவள் இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவள். அவர் லிஃப்ட் மெக்கானிக். ‘ரிப்பேர்’, ‘ஆச்சு’, ‘நாளைக்கு’ என்ற மூன்றே சொற்களை வைத்துக்கொண்டு ஊரில் பாதிக் கட்டடங்களைச் சமாளித்தவர். ஐம்பத்திரண்டு வயதில் மேடையேறப் போகிறேன் என்றால் யார்தான் நம்புவார்கள்?

வகுப்பில் எட்டுப் பேர். மற்றவர்களுக்கெல்லாம் நேர்முகத் தேர்வு, பதவி உயர்வு என்று உருப்படியான காரணங்கள் இருந்தன. டீச்சர் அவரைவிட இருபது வயது சின்னவள். கையில் ஸ்டாப்வாட்ச், நேரம் முடிந்தால் அடிக்க மேசையில் ஒரு மணி. ஏன் வந்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவர் முறை வந்தபோது, “ஒருத்தங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்” என்றார். அதற்கு எதற்கு வகுப்பு என்று யாரும் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது.

முதல் பேச்சுக்குத் தலைப்பு, ‘என் வேலை’. மூன்று நிமிடம் பேச வேண்டும். “நான் லிஃப்ட் மெக்கானிக்” என்றார், நின்றார். மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து முன்வரிசை இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கைதட்டி உற்சாகப்படுத்தினார். “ரெண்டு பேரா வேலை செய்வோம்” என்றார், மறுபடி நின்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் பின்சுவரைப் பார்த்து எதற்கோ காத்திருந்தார். ‘நிறுத்தம் அதிகம், மனதுக்குள் இரண்டு எண்ணிவிட்டு மேலே போகவும்’ என்று டீச்சர் எழுதிக் கொடுத்தாள். அவரும் எண்ணிப் பார்த்தார், பத்து வரைகூட எண்ணினார். மேலே போக முடியவில்லை.

மூன்றாவது வாரம் வகுப்பு முடிந்ததும் டீச்சர் அவரை நிறுத்தி, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் தொழில்முறையைச் சொன்னார். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஒருவர் நின்று அதை ஓட்டுவார்; அடியில் உள்ள குழிக்குள் இன்னொருவர் நிற்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மேலே நிற்பவர் ‘கீழே’ என்பார். குழியில் இருப்பவர் லிஃப்ட் நகராதபடி அங்கே அமுக்கி வைத்திருக்கும் சிவப்புப் பொத்தானை விடுவித்து, ஓரத்துக்கு ஒதுங்கி, அதன் பிறகு ‘கீழே’ என்று திருப்பிச் சொல்வார். அது காதில் விழுந்த பிறகுதான் லிஃப்ட் நகர வேண்டும். வருஷக்கணக்கில் இப்படியே பேசிப் பழகியதில், தன் சொல் திரும்பி வராமல் அடுத்த சொல் வாயிலிருந்து வருவதில்லை. இதைச் சொன்னவர், மீதியை மென்று விழுங்கிவிட்டார்.

மீதி இதுதான். போன வருஷம் ஒரு பதினொரு மாடிக் கட்டடத்தில் வேலை. லிஃப்ட் எப்போது ஓடும் என்று கட்டட மேனேஜர் மூன்று முறை வந்து உயிரை எடுத்துவிட்டுப் போனார். அந்த அவசரத்தில் கூரைமேல் நின்ற இவர் ‘கீழே’ என்று சொல்லிக்கொண்டே லிஃப்டை ஓட்டும் பொத்தானை அமுக்கிவிட்டார். குழிக்குள் அவர் கூட்டாளி, பத்தொன்பது வருஷம் சேர்ந்து வேலை பார்த்தவன், சிவப்புப் பொத்தானை விடுவித்ததும் லிஃப்ட் இறங்கிவிட்டது; ஒதுங்க அவனுக்கு நேரமில்லை.

விசாரணையில், குழியில் இருந்தவர் சிவப்புப் பொத்தானை அமுக்கி வைக்காததே காரணம் என்று எழுதினார்கள். பழியைச் செத்தவன் தலையில் போட்டுவிட்டுக் கோப்பை மூடிவிட்டார்கள். நீங்கள் எதையாவது கவனித்தீர்களா என்று இவரைக் கேட்டதற்கு, “தெரியலை” என்ற ஒரு சொல்தான் வந்தது. ஒரே சொல். அந்தச் சொல் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

கூட்டாளியின் மனைவி அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். நான்கு முறை அவள் வீட்டுக்குப் போய், டீயைக் குடித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பினார். முதல் தடவை, கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். நான்காவது தடவை கேள்வி இல்லை, கோபம்தான் இருந்தது. “பத்தொன்பது வருஷமா பாத்த வேலை. ஒரு பொத்தானை அமுக்கணும்னு தெரியலையே அண்ணே அவருக்கு” என்றாள். செத்துப்போன புருஷனை அவள் வெறுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. அந்த வாரம்தான் வகுப்பில் சேர்ந்தார்.

கடைசி வகுப்பில் ஐந்து நிமிடப் பேச்சு. ஆளுக்கு ஒரு விருந்தாளியை அழைத்து வரலாம் என்று டீச்சர் சொன்னாள். அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து, ரிப்பேர் சீட்டுகளின் பின்பக்கத்தில் பேச்சை எழுதினார். எழுதியதை லிஃப்ட் ஓடும் கிணற்றுக்குள் குனிந்து சொல்லிப் பார்த்தார். அங்கே சுவர் அவர் குரலைத் திருப்பிக் கொடுத்தது, அதனால் தடையில்லாமல் வந்தது. ஆனால் நூலக மாடியில் கிணறு ஏது? வீட்டில் மனைவி துணி மடித்தபடி முழுதையும் கேட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, “வேலை போயிடும்” என்றாள். பிறகு, “போனா போகட்டும். சொல்லிட்டு வாங்க” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை கூட்டாளியின் மனைவி வந்து கடைசி வரிசையில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணன் பேசப் போகிறாராமே என்ற வேடிக்கை அவள் முகத்தில் லேசாக இருந்தது.

தொழில்முறையைச் சொல்லி முடிக்கவே நான்கு நிமிடம் போய்விட்டது. வீட்டிலும் தன் புருஷன் இப்படித்தான், கடைக்கு அனுப்பினால் சொன்ன சாமானையெல்லாம் ஒப்பித்துவிட்டுத்தான் படியிறங்குவார் என்று அவள் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னாள். அப்போது மேடையில் அவர் எழுதி வைத்திருந்த சீட்டுகளை மடித்துச் சட்டைப் பையில் போட்டார்.

“அன்னைக்கு நான் கீழேன்னு சொன்னேன். அவன் திருப்பிச் சொல்றதுக்குள்ள அமுக்கிட்டேன்.”

நின்றார். வழக்கம்போல நின்றாரென்றே வகுப்பு நினைத்தது. கடைசி வரிசையில் அவள் முகத்தில் இருந்த வேடிக்கை போய்விட்டிருந்தது. ஒரு நிமிடம் இருக்கும். அடுத்த சொல் அவருக்கு வரவில்லை. இனி வரவும் வராது என்று பட்டது.

“திருப்பிச் சொல்றதுக்குள்ள அமுக்கிட்டீங்க” என்றாள் அவள்.

அழுகையும் இல்லை, கேள்வியும் இல்லை. அவர் சொன்னதை அப்படியே அவரிடம் கொடுத்தாள்.

“சிவப்புப் பொத்தானை அவன் சரியாத்தான் விட்டான். தப்பு அவனோடது இல்ல.”

“அவரோடது இல்ல.”

“கடைசியா அவன் எதுவும் சொல்லலைம்மா. சொல்ல நான் விடலை.”

இதை மட்டும் அவளால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. டீச்சர் மணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் கைதட்டவில்லை.

அவர் மேடையிலிருந்து இறங்கி வந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். மன்னிப்பு என்ற பேச்சே அங்கே எழவில்லை. கேட்கிற தைரியம் அவருக்கில்லை, கொடுக்கிற மனம் அவளுக்கு இன்னும் வரவில்லை.

“அந்த ரிப்போர்ட் எழுதினவங்ககிட்டயும் வந்து இதைச் சொல்லணும். திங்கட்கிழமை காலையில” என்றாள். சொல்லிவிட்டு நகராமல் நின்றாள்.

எதற்காக நிற்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

“அவங்ககிட்டயும் வந்து சொல்லணும்” என்றார். “திங்கட்கிழமை காலையில.”

அதைக் கேட்ட பிறகுதான் அவள் படியிறங்கினாள்.