தேதி மாற்ற முடியாத டிக்கெட்

மூன்று மாத வேலையாகத் துபாய் கிளம்பிய என் கணவருக்குப் போகவர டிக்கெட் எடுக்க, திருவனந்தபுரம் பழவங்காடியில் ஒரு ஏஜென்சிக்குப் போனேன். ஒரே விமானத்துக்கு நாலு விதக் கட்டணம் சொன்னார்கள். நான் எதிர்க்கடைக்குப் போய்விடக் கூடாதே என்ற அவசரத்தில், “இதுதான் குறைவு. ஏதானாலும் ப்ளேன் ஒண்ணுதானே சேச்சி” என்றார் ஏஜென்ட். நிபந்தனை எதையும் கேட்காமல் வாங்கிவிட்டேன்.

இரண்டாம் மாதம் மாமியாருக்கு மாரடைப்பு வந்தது. “அவன் எப்ப வருவான்?” என்று ஆஸ்பத்திரியில் என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். தந்தி கிடைத்ததும் கணவர் விமான அலுவலகத்துக்கு ஓடினார். குறித்த தேதிக்கு முன்னால் அந்த டிக்கெட்டில் பயணம் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வேறு டிக்கெட் கிடைத்து அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரே மகன் இருந்தும், கொள்ளி வைத்தது கணவரின் சித்தப்பா மகன்.

“தேதி மாத்தக்கூடிய டிக்கெட்டா எடுத்திருக்கக் கூடாதா?” என்று மட்டும் கேட்டார் கணவர்.

இப்போதெல்லாம் யாருக்கு டிக்கெட் எடுத்தாலும், தேதியை மாற்றலாமா என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிய பிறகுதான் பணம் கொடுக்கிறேன்.